பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் படம் ஏன் கெடுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வண்ணத்துப்பூச்சி பறக்கும்போது எடுத்த படம் சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலானோர் உடனே ஷட்டர் வேகத்தைக் கூட்டுகிறார்கள், அல்லது கணினியில் ஷார்ப்னெஸ் கோட்டை இழுக்கிறார்கள். இரண்டுமே கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதுதான். கெட்டுப்போன படம் தன் கோளாறைத் தானே சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படத்தை 100 சதவீத அளவில் திறந்து நான்கு இடங்களைப் பாருங்கள்: பூச்சியின் கண், சிறகு உடலோடு சேரும் இடம், சிறகின் நுனி, அது உட்கார்ந்திருந்த அல்லது தாண்டிப் பறந்த பூ. எது தெளிவு, எது தெளிவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். தெளிவில்லாத இடம் ஒரு திசையில் நீண்டு கோடாகத் தெரிந்தால் அது அசைவால் வந்த இழுவை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பஞ்சுபோல் பரவியிருந்தால் அது ஃபோகஸ் தவறிய மங்கல். இழுவைக்குச் செய்யும் மருத்துவம் மங்கலுக்குப் பலிக்காது.

அறிகுறி: கண் தெளிவு, சிறகு நுனி மட்டும் இழுவை

இதுதான் அதிகம் வருவது. இது எவ்வளவு தூரம் கோளாறு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நடுத்தர அளவுள்ள வண்ணத்துப்பூச்சி நொடிக்கு ஏறக்குறைய 10 முறை சிறகடிக்கிறது. சிறகின் நீளம் 4 செ.மீ., ஒவ்வொரு வீச்சிலும் அது 120 டிகிரி சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நொடிக்கு 20 வீச்சு. அப்படியானால் நுனி சராசரியாக நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1/500 நொடியில் எடுத்தால் அது 3 மி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். 1/4000 நொடியில் 0.4 மி.மீ. நகரும். பூச்சியை ஐந்தில் ஒரு பங்கு அளவில் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழவைத்தால், 24 மெகாபிக்சல் முழுச்சட்ட கேமராவில் (36 x 24 மி.மீ. சென்சார் உள்ளது) அந்த 0.4 மி.மீ. சுமார் 13 பிக்சல் இழுவையாகும். அதாவது 1/4000 நொடியில்கூட நுனி முழுக்கத் தெளியாது. படத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிப் பார்க்கும்போது அந்த இழுவை நாலைந்து பிக்சலுக்கு இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஆகவே முழு வெயிலில் எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது), ஐ.எஸ்.ஓ. 800 (சென்சாரின் ஒளியுணர்வு), 1/3200 நொடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) என்று தொடங்குங்கள். வெயில் குறைந்தால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். அதனால் படத்தில் புள்ளிபுள்ளியாக வரும் நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். இழுவையை எந்த மென்பொருளும் நேர்மையாக எடுத்துத் தராது.

வேகத்தைவிட இன்னொன்று நன்றாக வேலை செய்கிறது. சிறகு மேல் எல்லையைத் தொட்டுத் திரும்பும்போதும் கீழ் எல்லையில் திரும்பும்போதும் அதன் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். நடு வீச்சில்தான் உச்ச வேகம், நான் மேலே போட்ட சராசரியைவிட அதிகம். எனவே தொடர் படப்பிடிப்பில் வந்த படங்களில் சிறகு முழுக்க மேலேயோ முழுக்கக் கீழேயோ உள்ளவற்றை முதலில் பாருங்கள். அதே ஷட்டர் வேகத்தில் அவைதான் தெளிவாக இருக்கும்.

பூவின் முன் நின்ற நிலையில் சிறகடிக்கும் பூச்சிகளோடு தொடங்குவது நல்லது. எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் தேன் குடிக்கும்போது கால்களைப் பூவில் ஊன்றிக்கொண்டு சிறகை அடித்தபடியே இருக்கும். உடல் அநேகமாக ஓரிடத்தில் நிற்கிறது, சிறகு மட்டும் ஓடுகிறது. இங்கே 1/250 நொடியில் எடுத்தால் கண்ணும் உறிஞ்சுகுழலும் தெளிவாக நின்று, முன்சிறகு மட்டும் விசிறியாக விரியும். அந்த இழுவையை நான் கோளாறாகவே எண்ணுவதில்லை. முழுக்க உறைந்துபோன படத்தைவிட அதில் உயிர் அதிகம். கண் தெளிவாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அறிகுறி: பூச்சியும் பூவும் ஒரே திசையில் இழுவை

கை ஆடியிருக்கிறது, அல்லது காற்றில் செடி ஆடியிருக்கிறது. பின்னணியிலும் அதே இழுவை இருந்தால் கை. பின்னணி தெளிவாக இருந்து பூவும் பூச்சியும் மட்டும் இழுபட்டிருந்தால் காற்று. ஷட்டர் வேகம் இரண்டையும் தீர்க்கும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு கையை மட்டுமே பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: பூ தெளிவு, பூச்சி மங்கல்

பூச்சி கிளம்பிவிட்டது, ஃபோகஸ் பூவிலேயே நின்றுவிட்டது. இங்கே கேமராவைத் திட்டிப் பயனில்லை. பார்த்ததற்கும் விரல் அசைவதற்கும் நடுவே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. அதற்குள் பூச்சி இரண்டு முறை சிறகடித்துவிடும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பறந்தால் 40 செ.மீ. தள்ளிப் போயிருக்கும்.

முதல் தீர்வு, நெருக்கத்தைக் கைவிடுவது. மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கியவர்களுக்கு இது மனம் வராத காரியம், ஆனால் எண்களைப் பாருங்கள். முழுச்சட்ட கேமராவில் எஃப்/8 வைத்து, பூச்சியை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழவைத்தால் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாக விழும் தடிமன், 1 மி.மீ.க்கும் கீழே. ஐந்தில் ஒரு பங்கில் அது 14 மி.மீ. எட்டில் ஒரு பங்கில் சுமார் 35 மி.மீ. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பறக்கும் பூச்சி கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசம். லென்ஸை நீட்டிக்கொண்டு முட்டிக்கொள்ளாமல் இரண்டு அடி பின்வாங்குங்கள். பிறகு படத்தை வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பூச்சி போகும் பாதைக்குப் பக்கவாட்டில் நிற்பது. உங்களை நோக்கியோ விலகியோ பறக்கும் பூச்சி ஃபோகஸ் தளத்தைக் குத்திக்கொண்டு ஒரு கணத்தில் கடந்துவிடும். குறுக்கே பறப்பது அதே தளத்திலேயே கொஞ்ச நேரம் ஓடும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பூவில் இறங்கும் பூச்சி பெரும்பாலும் எதிர்காற்றில்தான் வருகிறது. ஒரே பூங்கொத்தில் பூவுக்குப் பூ தாவும் பூச்சி, முட்டையிட இலை இலையாகத் தொட்டுப் பார்க்கும் பெண் பூச்சி, ஈர மண்ணில் உப்பு உறிஞ்சக் கூடும் ஆண் பூச்சிகள், ஒரே கிளைநுனிக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும் காவல்காரப் பூச்சி என்று அடுத்த அசைவை ஊகிக்க இடம் தரும் பூச்சிகளைத் தேடுங்கள். திறந்தவெளியில் தாறுமாறாகப் பறப்பதை விரட்டுவது நேர விரயம்.

மூன்றாவது, முன்பதிவு வசதி. 2016இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 கேமராவில் ப்ரோ கேப்ச்சர் என்ற பெயரில், பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் முழுக்க அழுத்துவதற்கு முந்தைய 14 படங்கள் வரை சேமிக்கும் வசதி இருந்தது. இப்போது பல நிறுவனங்களின் கேமராக்களில் இதுபோன்ற வசதி இருக்கிறது. பூச்சி கிளம்பியதைக் கண்ணால் கண்ட பிறகு அழுத்தினாலும் போதும். உங்கள் கேமராவில் இருந்தால் இன்றே அதை ஒரு பொத்தானில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு, கீழே வருகிறது.

தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால் லென்ஸில் உள்ள தூர வரம்பு ஸ்விட்சைப் போடுங்கள். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பொத்தானுக்கு மாற்றினால், பூச்சி கிளம்பியதும் விரலை எடுத்து ஃபோகஸை அப்படியே நிறுத்திக்கொள்ளலாம். 2022இல் வந்த சோனி ஏ7ஆர் 5 போன்ற சில கேமராக்கள் பூச்சிகளைத் தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது அது பெரிய உதவி. காற்றில் இருக்கும்போது முழுக்க அதை நம்பியிருக்க வேண்டாம்.

அறிகுறி: ஒரு சிறகு தெளிவு, மற்றது மங்கல்

பூச்சி சாய்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் சாய்ந்து நிற்கிறீர்கள். சிறகை மூடிய பூச்சியைச் சரியாகப் பக்கவாட்டிலிருந்தும், விரித்த பூச்சியை நேர் மேலிருந்தும் எடுங்கள். எஃப்/22 வரை அடைக்காதீர்கள். மிக நெருக்கத்தில் லென்ஸின் உண்மையான துளை நீங்கள் வைத்த எண்ணைவிடச் சிறியது. அசல் அளவில் எடுக்கும்போது எஃப்/8 என்பது எஃப்/16 போல நடந்துகொள்கிறது. அதற்கு மேலும் அடைத்தால் சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மழுங்கும்.

பல படங்களை அடுக்கி ஆழத்தைக் கூட்டும் முறை, விடியற்காலையில் பனியோடு அசையாமல் உறங்கும் பூச்சிக்கு மட்டுமே உரியது. பறக்கும் பூச்சியிடம் அதை முயன்றால் உணர்கொம்பு நான்காகத் தெரியும். பூச்சியை அசையாமல் நிறுத்தக் குளிர்பெட்டியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது கொடுமை. அப்படி எடுத்த படத்தில் ஓர் அழகும் இல்லை.

அறிகுறி: சிறகு விசித்திரமாக வளைந்திருக்கிறது

இதில் நிதானம் தேவை. இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று கேமராவின் பொய், மற்றது பூச்சியின் உண்மை.

மின்னணு ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கப்படுகிறது. 1/4000 நொடி என்று நீங்கள் வைத்தாலும், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே பல கேமராக்களில் 1/30 நொடி போல ஓடிவிடுகிறது. நொடிக்கு 10 முறை சிறகடிக்கும் பூச்சி அதற்குள் ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கை முடித்திருக்கும். சிறகின் மேல்பகுதி ஒரு நேரத்தையும் கீழ்ப்பகுதி வேறு நேரத்தையும் காட்டும். முன்பதிவு வசதியும் பெரும்பாலும் மின்னணு ஷட்டரில்தான் இயங்குகிறது. முன்பு சொன்ன சிக்கல் இதுதான். சென்சாரை 1/200 நொடிக்கும் விரைவாகப் படிக்கும் நிக்கான் இசட்9 (2021) போன்ற கேமராக்களில் இது மிகக் குறைவு. ஒரே கணத்தில் முழு சென்சாரையும் படிக்கும் சோனி ஏ9 3 (2023) கேமராவில் இது அறவே இல்லை. மற்றவர்கள் இயந்திர ஷட்டருக்கு மாறலாம். முடியாவிட்டால் பூச்சியைச் சட்டகத்தில் சிறிதாக வையுங்கள். உயரத்தில் நான்கில் ஒரு பங்கை மட்டும் அது அடைத்தால், கோணலும் நான்கில் ஒரு பங்காகக் குறையும். பின்வாங்கி எடுங்கள் என்று சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

இனி பூச்சியின் உண்மை. வண்ணத்துப்பூச்சியின் சிறகு விறைப்பான தகடு அல்ல. 2021இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டுக் கவனித்தபோது, மேலே போய் ஒன்றோடொன்று தட்டும் தருணத்தில் சிறகுகள் குழிந்து கிண்ணம்போல் ஆவதையும், செயற்கைச் சிறகுகளில் சோதித்தபோது அந்த வளைவு கிளம்பும் விசையைக் கூட்டுவதையும் கண்டார்கள். உங்கள் படத்தில் இடது, வலது இரண்டு சிறகும் ஒரே மாதிரி, கண்ணாடிப் பிம்பம்போல் குழிந்திருந்தால் அது உண்மையான வளைவு. அதைத் திருத்தாதீர்கள், கொண்டாட வேண்டிய படம் அது. ஒரு சிறகு நீண்டும் மற்றது குறுகியும், அல்லது வளைவு படத்தின் மேல்கீழ்த் திசையை ஒட்டியே சாய்ந்தும் இருந்தால் அது ஷட்டரின் கோணல். மென்பொருளில் நிமிர்த்த முயல வேண்டாம், வேறு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: குறுக்கே பட்டைகள், அல்லது படம் முழுக்கப் பால் மூட்டம்

வண்ணத்துப்பூச்சிக் கூடங்களில் வருவது. எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதால் மின்னணு ஷட்டரில் பட்டைகள் விழுகின்றன. இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள், அல்லது கூரைக் கண்ணாடி வழியாகப் பகல் ஒளி விழும் இடத்துக்குப் போங்கள். மூட்டம் என்பது வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த லென்ஸில் படிந்த நீராவி. துடைத்தால் மீண்டும் வரும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் அந்தச் சூட்டுக்குப் பழகவிடுங்கள்.

அறிகுறி: தெளிவான பூச்சியைச் சுற்றி ஆவிபோல் இன்னொரு பூச்சி

ஃபிளாஷ் ஒரு படத்தையும் வெயில் இன்னொரு படத்தையும் ஒரே சட்டகத்தில் எழுதியிருக்கின்றன. 1/200 நொடி திறந்திருக்கும் ஷட்டரில் ஃபிளாஷ் ஒரு கணம் மின்னி அணைகிறது. மீதி நேரமெல்லாம் வெயில் இழுவையைப் பதிக்கிறது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் ஏறக்குறையக் கருப்பாக வரும்படி, மூன்று ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் ஒளியைப் பாதியாக்குவது) வெயிலை அடக்குங்கள். நிழலில் எடுப்பது இன்னும் எளிது. ஃபிளாஷின் திறனை 1/16 அல்லது அதற்குக் கீழே வைத்தால் அதன் மின்னல் மிகக் குறுகி, அதுவே ஷட்டராக வேலை செய்யும். ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரோடு ஃபிளாஷை இயக்கும் வசதி) போட்டால் இந்த நன்மை போய்விடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதில் ஃபிளாஷ் ஷட்டர் ஓடும் நேரம் முழுவதும் விட்டுவிட்டு எரிகிறது, அதனால் அசைவை உறையவைப்பது மறுபடி ஷட்டர் வேகம்தான்.

பின்னணி இரவுபோல் கருத்துவிட்டால், பின்னால் அருகில் இலை உள்ள கோணத்தைத் தேடுங்கள். ஃபிளாஷ் ஒளி தூரம் போகாது.

அறிகுறி: வெள்ளைச் சிறகு வெளுத்துப்போனது, ஆரஞ்சுச் சிறகு சாயம் அடித்ததுபோல் ஆனது

கொன்னை வெள்ளையன் கரும்பச்சைப் பின்னணியில் பறந்தால் கேமரா பின்னணியைப் பார்த்து ஏமாந்து அதிக ஒளியை வாங்கிவிடும். 0.7 முதல் 1.3 ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை வானத்தை ஒட்டிப் பறந்தால் இதற்கு நேர்மாறு.

ஆரஞ்சு நிறத்தில் தவறு மறைந்திருக்கும். வெந்தய வரியனின் படத்தில் பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரிந்தாலும், சிவப்புக்கு மட்டும் உள்ள ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் அது வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். நரம்புகளும் செதில்களும் காணாமல் போய்ச் சிறகு ஒரே தட்டையாவது அதனால்தான். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்திருந்தால் முதலில் வண்ண புரொஃபைலை நியூட்ரலுக்கு மாற்றுங்கள், பிறகு ஆரஞ்சின் செறிவை மட்டும் இறக்குங்கள். பெரும்பாலும் நரம்புகள் திரும்பி வரும்.

வெள்ளைச் சிறகின் அடிப்பக்கம் பச்சையாகத் தெரிந்தால் அது இலையில் பட்டுத் தெறித்த ஒளி. படம் முழுவதற்கும் வெள்ளைச் சமநிலையை மாற்றினால் இலைகள் செத்துப்போகும். சிறகுக்கு மட்டும் மாஸ்க் (திருத்தம் பட வேண்டிய இடத்தைப் பிரித்துக் காட்டும் தேர்வு) போட்டுக் கொஞ்சம் மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். முழுப் பச்சையையும் எடுத்துவிட வேண்டாம், அந்த இடத்தின் ஒளி அதுதானே.

நீலத்தில் ஓர் எச்சரிக்கை. மார்ஃபோ வகையின் நீலம் சாயத்தால் வருவதல்ல, செதிலின் நுண்ணமைப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால் வருவது; கோணம் வெகுவாக மாறினால் மங்கிவிடும். ஒரு சிறகு நீலமாகவும் மற்றது பழுப்பாகவும் இருந்தால் அது சரியான படம். பழுப்பை நீலமாக்காதீர்கள்.

அறிகுறி: திருத்திய பிறகு சிறகு பிளாஸ்டிக்போல் ஆனது, உணர்கொம்பைச் சுற்றி வெள்ளை வளையம்

பிளாஸ்டிக் தோற்றத்துக்குக் காரணம், நாய்ஸ் நீக்கத்தைப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் போட்டது. பின்னணிக்குத் தாராளமாக, சிறகுக்குச் சிக்கனமாக என்று பிரியுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதற்கு நேர்மாறான தவறையும் செய்கின்றன. இல்லாத செதில்களை வரைந்துவிடுகின்றன. ஒரு செதிலின் நீளம் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஐந்தில் ஒரு பங்கு அளவில் எடுத்த படத்தில் அது மூன்று நான்கு பிக்சலுக்கு மேல் வராது. எட்டில் ஒரு பங்கில் எடுத்த படத்தில் வரிசை வரிசையாகச் செதில் தெரிந்தால் அது மென்பொருளின் கற்பனை, அளவைக் குறையுங்கள்.

வளையம் விழுவது மாஸ்கின் குறை. தானாகப் பூச்சியைத் தேர்ந்தெடுக்கும் கருவி உணர்கொம்பையும் கால்களையும் உறிஞ்சுகுழலையும் தவறவிடும், அல்லது சுற்றியுள்ள பின்னணியோடு தடிமனாகப் பிடிக்கும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, சிறிய தூரிகையால் அடியிலிருந்து குமிழ் முனை வரை ஒரே இழுப்பில் மாஸ்கில் சேருங்கள். பின்னணியைக் கருமையாக்கும் அளவையும் பாதியாகக் குறையுங்கள். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் உணர்கொம்பு பாதியில் அறுந்து நிற்கும் படத்தை அடுத்தவருக்குக் காட்ட முடியாது.

கால்களை எண்ணிப் பார்த்துவிட்டு, நான்குதான் இருக்கின்றன என்று பதறி நிரப்பும் கருவியைத் தேட வேண்டாம். மயில் வசீகரன், வெந்தய வரியன் உள்ளிட்ட வரியன்கள் குடும்பத்தில் முன்னங்கால்கள் இரண்டும் மிகச் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும். நான்குதான் தெரியும். பறவை கொத்திக் கிழித்த சிறகையும் அப்படியே விடுங்கள். அந்தப் பூச்சி பிழைத்து வந்த வரலாறு அதில் இருக்கிறது.

அறிகுறி: பறக்கும் வரிசையை ஒரே படமாகச் சேர்த்தால் பூக்கள் இரட்டையாகின்றன

முக்காலியில் வைத்து எடுத்திருந்தாலும் பூ காற்றில் ஆடியிருக்கிறது. ஒரே ஒரு படத்தின் பூவையும் பின்னணியையும் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றிலிருந்து பூச்சியை மட்டும் மாஸ்க் போட்டுக் கொண்டுவாருங்கள். இருண்ட பின்னணியில் வெளிர்நிறப் பூச்சியானால் மேல் லேயரின் கலவை முறையை லைட்டன் என்று மாற்றினால் ஓரங்கள் தாமாகவே பொருந்தும். வானத்தில் கரிய பூச்சியானால் டார்க்கன். ஒளி அளவு படத்துக்குப் படம் மாறாமல் இருக்க, எடுக்கும்போதே மேனுவலில் வைத்திருக்க வேண்டும். சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத படங்களாகத் தேர்ந்தெடுங்கள். மூன்றோ நான்கோ போதும், ஏழெட்டு வைத்தால் கூட்டம் பறப்பதாகத் தோன்றும்.

வெளியிடும்போது ‘பல படங்களின் தொகுப்பு’ என்று குறிப்பில் எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளத்துக்கு அனுப்புவதானால் தொகுப்பை விட்டுவிட்டு, அதில் உள்ள ஒரு தனிப் படத்தை, முடிந்தால் சிறகின் அடிப்பக்கம் தெரிவதை, நிறம் மாற்றாமல் அனுப்புங்கள்.